கான் என்று நான் சொன்னது

தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே வெட்டிவிடும் வாய்க்காலை எங்கள் தோட்டத்தில் கான் என்போம். சிங்களத்தில் காணுவ. நாங்கள் அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல் என்பதால் அதை மொழிபெயர்க்க யோசிக்கவே தேவையில்லை. நானும் யோசிக்கவில்லை.

டயகமைக்குப் போகும் பஸ் பாதையில் இறங்கி அரைமணி நேரம் ஏறினால் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. முதுகோடு முதுகாகப் பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நான்கு ஓரறைக் காம்பராக்கள். லயத்துக்கு மேலே, ஆள் பற்றாமல் கைவிடப்பட்டுப் புல் மண்டிப்போன பழைய தேயிலை. அதற்கும் மேலே யூகலிப்டஸ் மரங்கள். அந்தப் புல்லுக்குள் ஒரு கான் இருந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் வெட்டியது என்பார்கள். மற்றக் கான்கள் மலையின் குறுக்கே கோடு பிடித்ததுபோல் போகும். இது மட்டும் வில்லைப் போல வளைந்திருக்கும். வளைவு மேலே, இரண்டு முனையும் எங்கள் லயத்தைப் பார்த்து இறங்கும்.

சின்ன வயதில் விறகு பொறுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அங்கேதான் போவோம். விளையாட்டுக்குப் பெயர் கான் தாண்டி. முதலில் இரண்டு காலையும் சேர்த்துத் தாண்ட வேண்டும். பிறகு நொண்டியடித்து. கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு. விழுந்தவர் ஜெயித்தவரின் விறகுக் கட்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அப்போது அது ஒன்றரை அடி அகலம் இருக்கும். உள்ளே சருகும் புல்லும் நிறைந்து, விழுந்தாலும் முழங்கால்தான் சிராய்க்கும். கண்ணை மூடித் தாண்டிய ஒரே பெண் பிள்ளை நான்தான். அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

லயத்தின் கடைசிக் காம்பராவில் ஓர் அண்ணன் இருந்தார். எனக்குச் சொந்தமில்லை. எல்லாருக்கும் அண்ணன். கல்யாணமான பிறகும் எங்களோடு மேலே வந்துவிடுவார். மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு, மைக் பிடித்த மாதிரி அறிவிப்பார்.

"வருது, வருது, நம்ம லயத்து ஏரோப்பிளேன் வருது! எல்லாரும் தலைய குனிஞ்சிக்கிருங்க! பாவாட தடுக்கி விழுந்தா தோட்டம் பொறுப்பில்ல!"

சித்திரையில் தோட்டத்து விளையாட்டுப் போட்டி என்றாலும் அவர்தான். கயிறு இழுப்பில் எந்தப் பக்கம் தோற்கிறதோ அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் அவரைப் பற்றிக் கணக்கப்பிள்ளை சொல்வது ஒன்றுதான்: "அவனா, சிரிக்கத்தான் லாயக்கு."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தது நான்தான். அம்மாவும் அப்பாவும் இன்றுவரை பெயரை எழுதுவதில்லை, வரைவார்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகும் வருடம் கான் தாண்டியை விட்டேன். உயர்தரத்துக்கு ஹட்டனில் தங்கிப் படித்தேன். பிறகு கல்வியியற் கல்லூரி. நான் படித்த அதே தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகத் திரும்பி வந்த நாளில், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று "டீச்சர்" என்றார்கள். கூச்சமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். கூச்சமாக இல்லை. நன்றாக இருந்தது.

ஹட்டனில் அறைத்தோழி ஒருத்தி சிங்களப் பெண். அதனால் என் சிங்களம் சுத்தமாக இருக்கும். ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாடு, பிரதேச சபைக் கடிதம் என்று எதுவானாலும் லயத்தில் என் கைக்கு வரும். நான் காம்பராவின் முன் திண்ணையில், இஸ்தோப்பில், நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்துச் சொல்வேன். சுற்றி நிற்பவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் சொல்லை யாரும் சரிபார்க்க முடியாது என்பதில் ஒரு ருசி இருந்தது. அதை அப்போது நான் சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்தது தேர்தல் பேச்சு சூடாக இருந்த காலத்தில். ஒவ்வொரு கட்சிக்காரரும் வந்து குடும்பத்துக்கு ஏழு பேர்ச், ஒரு வீடும் முற்றமும் அடங்கும் அளவு, காணியும் அதில் வீடும் என்றார்கள். அந்தக் காணி எந்த மலையில், அந்த மலை நிற்குமா என்று யாரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்கு முந்திய வருடம்தான் மேலே இருந்த யூகலிப்டஸ் மரங்களை வெட்டி லொறியில் ஏற்றினார்கள். யாருக்கு டெண்டர் போனது என்பதைப் பற்றி இரண்டு தொழிற்சங்கமும் ஒரு மாதம் சண்டை போட்டன. மரம் போனதைப் பற்றி ஒருவரும் சண்டை போடவில்லை. ஒரு வேட்பாளர் இளைஞர்களுக்கு வொலிபோல் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் அதை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டுக்கு முன்னால பந்து, ஓட்டுக்குப் பின்னால காத்து. எண்ணி வச்சிக்கங்க, அந்தக் காத்தும் தங்காது."

அந்த மழைக்காலத்தில் சில காம்பராச் சுவர்களில் வெடிப்பு வந்தது. கதவு சாத்தவில்லை என்றார்கள். மண்சரிவு பார்க்க ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். சின்ன வயது. சப்பாத்துக்குள் அட்டை ஏறி, காலுறையெல்லாம் இரத்தம். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் நின்றேன். பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றேன்.

சுவர் வெடிப்புகளைக் காட்டினோம். படம் எடுத்தார். மேலே நிலத்தில் எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று கேட்டார். நான் கேட்டேன். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கைவிட்ட மலைக்கு யார் போகிறார்கள்? அப்போது என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, முன்னால் இரண்டு பல் விழுந்தவள், கூட்டத்துக்குள் இருந்து சொன்னாள்: "சேர், மேல ஒரு கான் இருக்கு. நாங்க தாண்டி வெளையாடுவோம்."

அதிகாரிக்குச் சொல் காதில் விழுந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "காணுவக்த?" என்றார்.

"ஒவ் சேர். பரண காணுவக்," என்றேன். ஆமாம் சார், பழைய கான்.

அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். புல் ஆள் உயரம் நின்றது. தூறல் தொடங்கியிருந்தது. போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நொடி யோசித்தது எனக்குத் தெரிந்தது. நான் சொன்னேன், சிறு பிள்ளையிலிருந்தே எனக்குத் தெரியும் சார், அது வெள்ளைக்காரர் காலத்துக் கான், வேறொன்றும் இல்லை. என் சிங்களம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவர் பாராட்டினார். காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு இறங்கினார்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, பெரியவர்கள் பேசும்போது விளையாட்டுப் பேச்சுப் பேசக்கூடாது என்று கண்டித்தேன்.

இரண்டு வாரத்தில் தோட்டத்துக்குக் கடிதம் வந்தது. லயத்துக்கு மேலுள்ள பழைய கானை அடைப்பு எடுத்துத் துப்புரவு செய்யவும். எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு கடிதத்துக்கு உடனே வேலை நடந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அண்ணனையும் இன்னொருவரையும் அனுப்பினார்கள். மூன்று நாள் சருகையும் புல்லையும் மண்ணையும் வாரி வெளியே போட்டார்கள். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அண்ணன் மம்பட்டியைத் தோளில் போட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, வெள்ளக்காரன் என்னா கான் வெட்டியிருக்கான்! மம்பட்டிய விட்டா பிடியோட உள்ள போகுது. அடியே தட்டல. அப்பிடியே தோண்டிக்கிட்டுப் போனா லண்டன்ல போயி ஏறலாம் போல."

நான் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது. பஸ்ஸில் போகும்போது, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, யாரோ பின்னால் நின்று சிரிப்பதுபோல என் சிரிப்பே கேட்கிறது.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் காலை, வகுப்பில் பிள்ளைகளுக்கு நீளம் அளப்பது பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்குத் தெரிந்த எதையாவது அடிக்கணக்கில் சொல்லுங்கள் என்றேன். மேசை, கதவு என்று வந்தது. பல் விழுந்தவள் எழுந்து, "டீச்சர், கான்," என்றாள்.

"கான் எத்தன அடி?"

"எனக்குத் தெரியல டீச்சர். போன வருசம் நான் தாண்டுனேன். தைப்பொங்கலுக்கு அக்கா மட்டும் தாண்டுனா. இப்ப யாருமே தாண்ட ஏலாது. அதனால வெளையாட்ட விட்டுட்டோம்."

சுண்ணக்கட்டி கையில் இருந்தபடி நின்றேன். கான் அகலமாகாது. வெட்டினால் வெட்டிய அளவில் நிற்கும், விட்டால் தூர்ந்துபோகும். ஒன்றரை அடியில் நான் தாண்டியதை இந்தப் பிள்ளைகளில் யாராலும் தாண்ட முடியவில்லை. அவர்கள் வருடக்கணக்காக அதைக் காலால் அளந்துகொண்டு வந்திருக்கிறார்கள். எந்த அலுவலகமும் அந்த அளவைக் கேட்கவில்லை. கேட்காமலே வந்து சொன்ன பிள்ளையை நான் கண்டித்தேன்.

இடைவேளை மணி அடிக்கச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன். புல்லை விலக்கிப் பார்த்தபோது தண்ணீர் மலையெல்லாம் வழிந்து வந்து அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு முனைக்கும் போய்ப் பார்த்தேன். எங்கேயும் வெளியே வரவில்லை. மரம் வெட்டிய இடத்திலிருந்து வந்த தண்ணீர் முழுவதும், நாங்கள் துப்புரவாக்கிக் கொடுத்த வாயால் மலைக்குள் போய்க்கொண்டிருந்தது. கீழே எங்கள் லயத்துக் கூரைகளில் அடுப்புப் புகை.

அதிகாரியின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. சொன்னேன். இரண்டு முனையிலும் தண்ணீர் வெளியே வரவில்லையா என்று மட்டும் அவர் கேட்டார். பிறகு, "எல்லாரையும் வெளியேற்றுங்கள். இப்போதே. நான் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன்," என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். காலை வேலை முடித்த ஆண்களும் அங்கே கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்க நின்று சொன்னேன்.

"மேல இருக்கிறது கான் இல்ல. மலை பொளந்திருக்கு. எல்லாரும் இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும்."

கூடையோடு நின்ற ஒருத்தி கேட்டாள்: "என்னா டீச்சர், நீங்கதான கான்னு சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்."

வாழ்க்கையில் அந்த இரண்டு சொல்லை அவ்வளவு பேர் முன்னால் நான் சொன்னதில்லை. தோட்டத்துத் தலைவர், சங்கத்துக்காரர், கையை நீட்டினார். "இந்தா புள்ள, வெளங்காம பேசாத. வீட்டு லிஸ்ட் எடுக்கப் போறாங்க. இப்ப லயத்த விட்டுப் போனா, யாரு இருந்தா யாரு இல்லன்னு எழுதிக்கிருவாங்க. அப்பறம் ஏழு பேர்ச்சும் இல்ல, இருக்கிற காம்பராவும் இல்ல. மேல் டிவிசன்காரங்க ஒரு கிழமைக்குன்னு கோயிலுக்குப் போனாங்க. ரெண்டு வருசமா கூடாரத்துல கெடக்காங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் கூட்டம் அசையவில்லை. அடுப்பு, கோழி, ஆடு, பெட்டியில் இருக்கும் பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொருவர் முகத்திலும் ஒவ்வொன்று ஓடியது. என் அம்மா கூடையைக் கீழே வைத்தார். "எம்மவ தப்பு சொல்லுவா. பொய் சொல்ல மாட்டா," என்றார். அதுவும் போதவில்லை.

அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். கையைப் புனல்போல வாயில் வைத்துக்கொண்டு.

"தலைவரே, ஒரு சந்தேகமுங்க. லிஸ்டுல பேரு இருக்கணும்னா, மொதல்ல ஆளு இருக்கணுமா இல்லையா?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். அது பரவியது. தலைவருக்கும் உதடு இழுத்தது. "ஒனக்கு எல்லாம் வெளையாட்டு," என்றார். ஆனால் குடையை எடுத்துக்கொண்டு முதலில் நடந்தது அவர்தான். என் சிங்களமும் என் சான்றிதழும் அசைக்காத கூட்டத்தை ஒரு சிரிப்பு அசைத்தது. விளையாட்டைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்த எல்லாம் அந்த மடுவத்தில் கவிழ்ந்தது. அதை யோசிக்க அப்போது நேரமில்லை.

பள்ளிக்கூட வரவுப் பதிவேடான இடாப்பின் பின்பக்கத்தில் காம்பரா வாரியாகப் பெயர் எழுதிக்கொண்டு நின்றேன். அண்ணன் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "நான் தோண்டுன எடத்துலயா டீச்சரம்மா தண்ணி எறங்குது?" என்றார்.

"ஆமாண்ணே. அது வழியாத்தான் பூரா தண்ணியும் உள்ள போகுது."

"அப்ப சரி. தொறந்தவந்தான மூடணும்," என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த காம்பராப் பெயரை எழுதினேன்.

மூன்றரை மணிபோல மலை வந்தது. லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல். பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பார்த்தால் லயம் இருந்த பக்கம் பனிபோல ஏதோ எழுந்தது. அது பனி இல்லை. இருபத்து நான்கில் ஐந்து காம்பரா மிஞ்சியது. ஒருவரும் உள்ளே இல்லை.

நான் இடாப்பை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். கடைசிக் காம்பராவுக்கு வந்தபோது அண்ணனின் மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுபவர், சொன்னார்: "பின்னாலயே வர்றேன்னாரு. மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு." சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அதற்கு முன்பே புரிந்திருந்தது.

எதிர் மலையில் கொழுந்து எடுத்த ஒரு பெண் பார்த்திருக்கிறாள். தலையில் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆள் மேலே மண் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தாராம். பக்கத்துக் கல்லையெல்லாம் உருட்டிக் கொண்டுவந்து போட்டாராம். மூன்றாம் நாள் கிடைத்தார்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தோம். ஐந்தாம் வகுப்பறையில் நான்கு குடும்பம். பகலில் பெஞ்சைத் தள்ளி வைத்து அதிலேயே பாடம் நடத்தினேன். விறாந்தையில் பிள்ளைகள் தொம் தொம் என்று குதிப்பார்கள். பெரியவர்கள் அதட்டுவார்கள், துக்க வீட்டில் என்ன ஆட்டம் என்று. நான் அதட்டவில்லை. ஒவ்வொரு குதிப்புக்கும் என் உடம்பு தூக்கிப்போடும். மழை கூரையில் விழத் தொடங்கினால், ஒரு மம்பட்டி மண்ணில் இறங்கும் சத்தம் அதற்குள் கேட்கும். காதைப் பொத்தினால் இன்னும் கிட்டத்தில் கேட்கும். இன்றும் அப்படித்தான். தோட்டத்தில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. எழுந்து நின்று டீச்சர் என்றுதான் சொல்கிறார்கள். நான் உட்காருங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிடுகிறது.

சாவைப் பற்றி விசாரித்து எழுத அதே அதிகாரி இன்னொருவரோடு வந்தார். இளைத்திருந்தார். மதினியை என் வகுப்பறையில் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் வழக்கம்போல நடுவில் நின்றேன். அண்ணன் எதற்காக மேலே போனார் என்பது கேள்வி. தோட்டம் அனுப்பியதா, தானாகப் போனாரா.

நான் தமிழில் கேட்க வாயைத் திறந்தேன். மதினி கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். கோபமாக இல்லை, ஒரு பிள்ளையை நிறுத்துகிற மாதிரி. அவர் கிழமையில் மூன்று நாள் கீழே சிங்களக்காரர்களின் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். எனக்கு அது தெரியும். ஆனால் அவருக்குச் சிங்களம் வரும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. உடைந்த சிங்களம். வினையும் காலமும் முன்பின்னாகக் கிடந்தன. ஆனால் எல்லாம் விளங்கியது.

"டீச்சர் சொன்னா, காணுவ. இவரு போனாரு, தோண்டினாரு. அப்புறம் டீச்சர் சொன்னா, காணுவ இல்ல. இவரு போனாரு, மூடினாரு. வேற ஒண்ணும் இல்ல."

அதிகாரியின் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். அதை அப்படியே எழுதினால் என்னென்ன கேள்வி வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மெதுவாக, வேறு மாதிரியும் எழுதலாம் என்றார்.

"அவங்க சொன்னபடியே எழுதுங்க சார்," என்றேன்.

எழுதினார். மதினி அந்தக் காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். "வாசிங்க."

சிங்களத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லாமல், சிங்களத்திலேயே மெதுவாக வாசித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் தலையசைத்தார். முடிந்ததும் கீழே தன் பெயரை வரைந்தார். சாட்சி என்று இருந்த இடத்தில் நான் என் பெயரை எழுதினேன்.

வெளியே சமைத்த சோற்றுக்கு வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். மதினி சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"வாங்க டீச்சர். பிந்தினா பருப்பு முடிஞ்சிரும்."